ஆயுளும் ஏற்பாடும்: நெய்வேலி நகரியத்தை முன்வைத்து

நீண்ட ஆயுளைப் பற்றிய பேச்சு தமிழில் பெரும்பாலும் அறிவுரையின் குரலிலேயே நடந்துவந்திருக்கிறது. அதிகாலையில் எழுவது, பசித்துப் புசிப்பது, நாள்தோறும் நடப்பது, புகையையும் மதுவையும் விலக்குவது, கவலையைக் குறைப்பது என்று அந்தப் பட்டியல் தலைமுறைதோறும் சொல்லப்பட்டு வருகிறது. அதில் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவற்றை இன்றைய மருத்துவ ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் இந்த அறிவுரை, கேட்பவர் தம் நாளைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை படைத்தவர் என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. எழும் வேளையையும் உண்ணும் வேளையையும் உறங்கும் வேளையையும், குடியிருக்கும் வீட்டையும் வேலைக்குப் போகும் வழியையும் ஒரு நிறுவனமே தீர்மானித்துத் தரும் ஊரில் இந்த அனுமானம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதைக் கேட்டுப் பார்ப்பதற்குக் கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி நகரியத்தைப்போல் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை.

நெய்வேலியின் கதை 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு வந்த கரிய பொருளிலிருந்து தொடங்குவதாகச் சொல்லப்படுகிறது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவுபெற்றது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரிப்படுகை வெளிப்பட்டது. மறு ஆண்டே சோவியத் ஒத்துழைப்புடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. லிக்னைட் எனப்படும் பழுப்பு நிலக்கரி, நிலக்கரியாக முற்றாத இளங்கரி. தோண்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கும். அவ்வளவு ஈரத்தைச் சுமந்துகொண்டு தொலைவுக்கு அனுப்புவது கட்டுபடியாகாது, குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றும் இயல்பும் அதற்கு உண்டு என்பதால், அதைத் தோண்டிய இடத்தருகிலேயே எரித்து மின்சாரமாக்கிவிடுகிறார்கள். சுரங்கமும் மின்நிலையமும் ஒட்டியமைந்தபோது அவற்றை இயக்குவோரின் குடியிருப்பும் அருகிலேயே அமைய வேண்டியதாயிற்று. அகன்ற சாலைகளும் அடர்ந்த மரங்களும் எண்ணிட்ட வட்டங்களும் பள்ளிகளும் பொது மருத்துவமனையும் கொண்ட நகரியம் அவ்வாறு உருவானது. அங்கே ஒருவரின் முகவரியே அவர் வகிக்கும் பதவியை ஓரளவு சொல்லிவிடும்.

இந்த ஊரின் உறக்கத்தைத் தீர்மானிப்பது நிலத்தடி நீர். கரிப்படுகைக்குக் கீழே, மேல்நோக்கி அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும் ஆர்ட்டீசியன் நீரூற்று, அதாவது களிமண் அடுக்குகளுக்கிடையே அடைபட்டு, துளை கிடைத்தால் தானே மேலெழும் இயல்புடைய நீர்த்தேக்கம் இருக்கிறது. மேலிருந்த மண்ணையும் கரியையும் அகற்ற அகற்ற இந்த நீரை அழுத்திப் பிடித்திருக்கும் சுமை குறைகிறது. அப்போது நீரழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் புகும். ஆகவே, இரவு பகல் பாராமல் பம்புகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வாறு இறைக்கப்படும் நீரின் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சென்று பாசனத்துக்குப் பயன்படுவது தனிக்கதை. கொதிகலனையும் மாலையில் அணைத்துக் காலையில் மூட்ட முடியாது. மண்ணைச் சுரண்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்களும், கிலோமீட்டர் கணக்கில் நீளும் கன்வேயர் பெல்ட்டுகளும் இந்த ஓட்டத்தோடு பிணைந்தவை. எனவே நெய்வேலியில் மூன்று ஷிஃப்ட்டும் நிரந்தரம். நகரியத்தின் ஏதோ ஒரு வட்டத்தில், ஏதோ ஒரு வீட்டில், நண்பகலில் ஒருவர் உறங்கிக்கொண்டே இருப்பார்.

பகலுறக்கம் இரவுறக்கத்துக்கு ஈடாகாது என்பது வெறும் பழக்கதோஷத்தால் எழுந்த எண்ணமன்று. பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் அமைந்துள்ள சிறு நரம்பணுத் தொகுதி, கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு உடலின் இருபத்துநான்கு மணி நேர ஒழுங்கை நடத்துகிறது. உடல் வெப்பம், ரத்த அழுத்தம், சர்க்கரையைக் கையாளும் திறன், உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரப்பு ஆகியவை அதன் தாளத்துக்கு இணங்கியே ஏறி இறங்குகின்றன. இந்த ஒழுங்கின் மூலக்கூறு அடிப்படையைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 2007இல், உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்த ஒழுங்கைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கக்கூடியதாகக் கருதத்தக்க காரணிகளின் வரிசையில் சேர்த்திருந்தது. 2019இல் மீண்டும் ஆராய்ந்தபோதும் அந்த முடிவு மாறவில்லை. இரவு வேலை நெடுங்காலம் தொடர்ந்தால் நீரிழிவும் இதயநோயும் கூடும் என்பதையும் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இங்கே நெய்வேலிக்கு மிக அருகிலுள்ள வடலூர் நினைவுக்கு வருவது தவிர்க்க இயலாதது. மரணத்தை வெல்லும் பெருவாழ்வைப் பற்றித் தமிழில் மிக விரிவாகப் பேசிய இராமலிங்க வள்ளலார் 1867இல் சத்திய தருமச்சாலையையும் 1872இல் சத்திய ஞானசபையையும் நிறுவியது அங்கேதான்; 1874இல் அவர் அறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்ட மேட்டுக்குப்பம் அதை அடுத்த ஊர். அவர் உரைநடையில் வகுத்தளித்த நித்திய கரும விதி, விழிப்பது முதல் உறங்குவது வரையிலான நாளை ஒழுங்குபடுத்தும் நூல். சூரியன் எழுமுன் எழுதல், மெல்ல உலாவுதல், கரிசலாங்கண்ணி, தூதுளை முதலிய மூலிகைகளைச் சேர்த்தல், வெந்நீர் அருந்துதல், உணவை மிகாமலும் குறையாமலும் கொள்ளுதல், அச்சத்தையும் கோபத்தையும் விலக்குதல் என்று அது விரிகிறது. பகலில் உறங்கலாகாது என்பதும் அதன் விதிகளில் ஒன்று. அந்த விதி எழுதப்பட்டு ஒரு நூற்றாண்டு முடிவதற்குள், அது பிறந்த இடத்தின் பக்கத்திலேயே, ஆயிரக்கணக்கானோர் பகலில் உறங்கினால்தான் பிழைக்க முடியும் என்ற நிலையைத் தொழில்துறை கொண்டுவந்து நிறுத்தியது. நூலை அறிந்தவரும் மதிப்பவருமான ஒரு தொழிலாளி, மூன்றாம் ஷிஃப்ட் முடிந்து வரும் நாளில் அதை மீறாமல் இருக்க வழியில்லை. ஆகவே மனவுறுதி போதாமையால் பழக்கங்கள் கெடுகின்றன என்ற பொதுத் தீர்ப்பு இங்கே பொருந்துவதில்லை. வேலையின் ஏற்பாடு ஒரு பழக்கத்தைக் கெடுத்தால், அதை ஈடுசெய்ய வேறோர் ஏற்பாடு வேண்டும்.

அத்தகைய ஏற்பாடுகள் அரியவை அல்ல. ஷிஃப்ட்டை மாற்றும்போது காலை, பிற்பகல், இரவு என்று முன்னோக்கி நகர்த்துவது, இரவு, பிற்பகல், காலை என்று பின்னோக்கி நகர்த்துவதைவிட உடலுக்கு எளிது, ஏனெனில் உறக்கத்தைத் தள்ளிப்போடுவதைவிட முன்கூட்டியே வரவழைப்பது கடினம். வேலை முடிந்து திரும்பும் வழியில் காலைவெயில் கண்ணில் படாதபடி கறுப்புக் கண்ணாடி அணிவதும், படுக்கும் அறையைக் கனத்த திரையிட்டு இருட்டாக்குவதும் மூளையின் கடிகாரத்தை ஓரளவு ஏமாற்ற உதவும். ஆனால் அழைப்புமணியையும் குக்கர் விசிலையும் தொலைக்காட்சியையும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் கூச்சலையும் ஓர் அறைக்கு வெளியே நிறுத்துவது அந்த வீட்டுப் பெண்ணின் பொறுப்பாகிவிடுகிறது. ஷிஃப்ட் அட்டவணையில் பெயரே இல்லாத அவருடைய நாளும் மூன்றாக உடைகிறது. கணவர் திரும்பும் நேரத்துக்கு ஒரு சமையல், பிள்ளைகளுக்கு ஒரு சமையல் என்று அடுப்படியும் ஷிஃப்ட் பார்க்கிறது. தொழிலாளியின் ஆயுளைப் பற்றிய கணக்கில் இந்த உழைப்பையும் சேர்க்க வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, திருக்குறளின் மருந்து அதிகாரம் கவனத்துக்குரியது. அதன் பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் அளவையும் முன்பு உண்டது செரித்ததா என்பதை அறிந்து உண்பதையும் பற்றியவை; நோயாளி, மருத்துவர், மருந்து என்ற பேச்சு கடைசி மூன்றில்தான் வருகிறது. எதை உண்பது என்பதைவிட எவ்வளவு, எப்போது என்பதற்கு வள்ளுவர் கொடுத்த இந்த முதன்மை, ஷிஃப்ட் தொழிலாளிக்கு எல்லோரையும்விட அதிகமாகப் பொருந்துகிறது. நள்ளிரவுக்குப் பின் இன்சுலின் திறம்பட வேலை செய்வதில்லை. அதனால் பகலில் உண்ட அதே உணவு இரவில் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக உயர்த்துகிறது. உடல் வெப்பம் மிகத் தாழ்ந்திருக்கும் மூன்று, நான்கு மணிக்குத்தான் தூக்கம் கண்ணைச் சொருகும். அந்நேரத்தில் விழித்திருக்கக் கைகொடுப்பது சர்க்கரை தூக்கலான டீயும் எண்ணெயில் பொரித்த ஏதாவதொன்றும். இரவு வேலைக்குப் புறப்படுமுன் வீட்டில் முறையாக உண்டுவிட்டு, நடுவே சுண்டலோ வேர்க்கடலையோ பழமோ மோரோ போதுமென்று வைத்துக்கொள்வதும், ஷிஃப்ட்டின் பிற்பாதியில் டீ, காபியைத் தவிர்ப்பதும் அறிவியலும் அனுபவமும் உடன்படும் வழிகள். ஆனால் அதிகாலை மூன்று மணிக்குக் கேன்டீனில் சுண்டல் கிடைத்தால்தான் அதை உண்ண முடியும்.

கடலூர் மாவட்டத்தின் உணவுக் கையிருப்பு வறியதன்று. கம்பும் கேழ்வரகும் வேர்க்கடலையும் விளையும் செம்மண் நிலம், பண்ருட்டியின் பலாவும் முந்திரியும், கடலூர்க் கரையின் மீன், குவார்ட்டர்ஸ் தோட்டங்களில் முருங்கையும் வாழையும் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் நிரந்தரச் சம்பளம் வந்த பிறகு கம்பங்கூழ் வறுமையின் அடையாளமாகி, மூன்று வேளையும் வெள்ளை அரிசி என்பது முன்னேற்றத்தின் அடையாளமானது. முந்தைய தலைமுறையின் உடலுழைப்பு அதைச் செரித்துக்கொண்டது, பொத்தானை அழுத்தும் தலைமுறையின் உடலால் முடியவில்லை. உப்பின் கதையும் இதுவே. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்த வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் ஆகியவற்றோடு உண்ணும் தமிழ்ச் சாப்பாட்டில் அந்த அளவு எளிதில் கடந்துவிடும். வெயிலில் வியர்வை கொட்ட வேலை செய்கிறவர் தண்ணீரோடு கொஞ்சம் உப்பையும் ஈடுசெய்ய வேண்டும் என்பது உண்மை. குளிரூட்டிய அறையில் இருப்பவரும் அதே நியாயத்தைச் சொல்லி ஊறுகாயைத் தொடும்போதுதான் ரத்தக்கொதிப்பு வருகிறது.

உடலுழைப்பைப் பற்றிய நவீன அறிவு ஒரு தொழிற்களத்தில்தான் பிறந்தது. லண்டன் இரட்டைத்தட்டுப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்ட ஜெரி மோரிஸ், நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு இதயநோய் அதிகம் என்று 1953இல் லான்செட் இதழில் எழுதினார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து, ஏறத்தாழ ஒரே வாழ்நிலை. வேறுபட்டது உடலின் அசைவு மட்டுமே என்று தோன்றியது. ஆனால் மோரிஸ் அதோடு நிற்கவில்லை. 1956இல் அவரும் உடனாய்வாளர்களும் பணியாளர்களின் சீருடை அளவுப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு இள வயதிலேயே கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். அதாவது வேலை உடலை மாற்றுவதோடு, உடலும் ஓரளவு வேலையைத் தேர்ந்துகொள்கிறது. உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்ற முடிவு பின்னர் வந்த எண்ணற்ற ஆய்வுகளால் உறுதிப்பட்டது. எனினும் தம் முடிவைத் தாமே ஐயுற்றுச் சோதித்த அந்த நேர்மை, ஒரே வாரத்தில் ஆயுளைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் இன்றைய விளம்பரங்களுக்கு நடுவே மறக்கத் தகாதது.

நெய்வேலியிலும் இந்த இரு உடல்கள் உண்டு. சக்கர இயந்திரத்தின் கேபினில் எட்டு மணி நேரம் அதிர்வோடு உட்கார்ந்திருக்கும் இயக்குநரின் உடல் ஒன்று. ஓடும் பெல்ட்டின் ஓரமாக நடந்து உருளைகளைக் கவனித்துவரும் தொழிலாளியின் உடல் இன்னொன்று. நகரியத்தின் முதல் தலைமுறையில் கேபின்காரருக்கும் வேலைக்குப் போய்வர சைக்கிள் இருந்தது. பின்னர் மொபெட்டும் பைக்கும் காரும் வந்தபோது, நடக்கவும் மிதிக்கவும் உகந்ததாக அமைந்த அந்தச் சமதளச் சாலைகளில் உடல் அசையாமலே ஒருநாளைக் கடந்துவிட முடிந்தது. வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடற்பயிற்சி என்ற உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரையை, கடைக்கும் கோயிலுக்கும் நடந்தோ சைக்கிளிலோ போய்வருபவர் தனியே நேரம் ஒதுக்காமலே நிறைவேற்றிவிடலாம். பாரதி ஸ்டேடியத்தில் காலையில் சுற்றி வருவோரின் கூட்டம் நல்லதொரு காட்சிதான். அங்கே வருவதற்குப் பைக்கை எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சிறிய மாற்றங்கள் எவ்வளவு தூரம் பயன்தரும் என்ற ஐயத்துக்குச் சென்னையிலிருந்தே விடை வந்துள்ளது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களை, அதாவது ரத்தச் சர்க்கரை இயல்பைவிட உயர்ந்தும் நோயின் அளவை எட்டாமலும் இருந்த 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. மூன்றாண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளிகளானார்கள்; உணவையும் நடையையும் ஒழுங்குசெய்துகொள்ளத் தொடர்ந்து துணை நின்ற குழுவில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பயனும் அதே அளவில்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் நன்மை ஏதும் விளையவில்லை. அதே குழு, வேலையிலிருக்கும் ஆண்கள் 537 பேரைக் கொண்டு 2013இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், கைப்பேசிக்குத் தவறாமல் வந்த குறுஞ்செய்தி நினைவூட்டல்களே இரண்டாண்டுகளில் நோயுற்றோர் விகிதத்தை 27 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைத்தன. அறிவுரையை ஒருமுறை கேட்டு வீட்டுக்குப் போனவர்களுக்கும், யாரோ ஒருவர் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று உணர்ந்தவர்களுக்கும் இடையிலான வேறுபாட்டையே இந்த இரண்டு ஆய்வுகளும் அளந்திருக்கின்றன.

புகையிலையைப் பற்றிய கணக்கு இவை எல்லாவற்றையும்விடத் திட்டவட்டமானது. ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோர் 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களிடையே தொடங்கிய ஆய்வு ஐம்பதாண்டுகள் நீண்டது. 2004இல் வெளியான அதன் அறிக்கை, புகைப்பவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்தாண்டுகள் முன்னதாக இறப்பதையும், அறுபது வயதில் விட்டால் மூன்றாண்டுகளும் ஐம்பதில் விட்டால் ஆறாண்டுகளும் நாற்பதில் விட்டால் ஒன்பதாண்டுகளும் திரும்பக் கிடைப்பதையும், முப்பதில் விட்டவருக்கு ஏறக்குறைய இழப்பே இல்லாமற்போவதையும் காட்டியது. பீடிக்கு இது பொருந்தாது என்று எண்ண இடமில்லை. மெல்லும் புகையிலை நுரையீரலை விட்டுவைத்தாலும் வாயை விட்டுவைப்பதில்லை. ஓய்வுக்கு நெருங்கியவர் இனி விட்டு என்ன ஆகப்போகிறது என்று சொல்வதற்கு, அந்த மூன்றாண்டுக் கணக்கே போதுமான மறுமொழி.

ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் வலியில்லாமல் வளர்பவை என்பதால், உடல் சொல்லும் வரை காத்திருப்பவர் ஏமாறுவார். சுரங்கத் தொழிலாளர்களுக்கு வேலையில் சேரும்போதும் அதன்பின் ஐந்தாண்டுக்கொருமுறையும் மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று 1955ஆம் ஆண்டின் சுரங்க விதிகளில் இடம்பெற்ற ஏற்பாடு, தொழில்சார் நோய்களை மனத்தில் கொண்டது, ஆண்டுக்கொருமுறை பி.பி., சுகர் பார்ப்பது அதைவிட எளிது, செலவும் குறைவு. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இந்த இரண்டு நோய்களுக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசென்று கொடுப்பதற்குக் காரணமும் இதுதான். மாத்திரை தீர்ந்த பிறகு வாங்கப் போகாமல் விட்டுவிடுவது நோயாளியின் அலட்சியம் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தை அந்தத் திட்டம் ஓரளவு முடித்துவைத்தது.

நகரியவாசியின் வாழ்வில் மிகக் கடுமையான திருப்பம் அறுபது வயதில் வருகிறது. பணி ஓய்வு பெறுகிறவர் வேலையோடு வீட்டையும் விட்டுப் புறப்பட வேண்டியவர். மரங்கள் சூழ்ந்த தெரு, முப்பதாண்டுகள் பழகிய அக்கம்பக்கம், கூட்டமாகப் போய்வந்த வில்லுடையான்பட்டு முருகன் கோயில், ஆண்டுதோறும் குடும்பத்தோடு சென்ற புத்தகக் கண்காட்சி, இன்ன நேரத்துக்கு எழ வேண்டும் என்ற கட்டாயம் ஆகியவை ஒரே ஆண்டில் விலகிவிடுகின்றன. சிலர் வடலூரிலும் மந்தாரக்குப்பத்திலும் வீடு கட்டி நகரியத்தின் விளிம்பிலேயே தங்குகிறார்கள். சிலர் சொந்த ஊருக்கும், சிலர் பிள்ளைகள் வேலை பார்க்கும் சென்னை, பெங்களூர் அடுக்ககங்களுக்கும் போகிறார்கள். நிறுவனத்தின் பெயரும் பதவியுமே அறிமுகமாக இருந்தவருக்கு மூன்றாம் மாடியில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல் கிடைப்பதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கற்பலகைக் குவாரிகளை நம்பி வாழ்ந்த இத்தாலியக் குடியேறிகளின் ஊராகிய ரோசெட்டோவில், சுற்றுவட்டார ஊர்களைவிட இதயநோய் மரணம் குறைவாக இருந்ததை 1960களில் ஸ்டூவர்ட் உல்ஃப் குழுவினர் ஆராய்ந்தனர். அம்மக்கள் கொழுப்பு மிகுந்த உணவையே உண்டார்கள், புகைக்கவும் செய்தார்கள். மூன்று தலைமுறைகள் கூடி வாழ்ந்ததும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காததுமே அவர்களைக் காத்தன என்பது ஆய்வாளர்களின் முடிவு. அடுத்த தலைமுறை விலகித் தனித்தனியே வாழத் தலைப்பட்ட பிறகு அந்த வேறுபாடு மறைந்துபோனது. ஓய்வு பெறுமுன்னரே ஒரு வாசகர் வட்டத்திலோ தொழிற்சங்கத்திலோ கோயில் திருப்பணியிலோ பஜனைக் குழுவிலோ வேர் பிடித்துக்கொண்டவர், வைப்புநிதியைப் போலவே மதிப்புள்ள ஒன்றைச் சேமித்தவராகிறார்.

இதுவரை சொன்னவை நகரியத்துக்கு உள்ளே இருப்பவர்களைப் பற்றியவை. அதே சுரங்கத்தில், அதே ஷிஃப்ட்டில், அதே புழுதியில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இந்த வட்டங்களுக்கு வெளியே, சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. 2020ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூலையிலும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் விபத்துகளில் நிரந்தரத் தொழிலாளர்களோடு ஒப்பந்தத் தொழிலாளர்களும் உயிரிழந்தார்கள். எந்தப் பழக்கமும் அவர்களின் ஆயுளைக் கூட்டியிருக்க முடியாது. 2023இல் வளையமாதேவியில் கதிர் வந்த வயல்களின் நடுவே சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்டப்பட்டதும், அதே ஆண்டு ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு நெய்வேலி, பரங்கிப்பேட்டை வட்டாரத்து நீரிலும் மண்ணிலும் மாசு மிகுந்திருப்பதாக அறிக்கை வெளியிட்டதும், பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டதும் பொதுவெளியில் உள்ள செய்திகள். குடிக்கும் நீரும் சுவாசிக்கும் காற்றும் ஐயத்துக்குள்ளாகும் இடத்தில், தினமும் நடங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்ற அறிவுரை பொருளற்றுப்போகிறது. இந்தியாவின் பத்துத் தொழிலகங்களில் பணியாளர்களையும் குடும்பத்தினரையும் ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வொன்று, புகையிலைப் பழக்கமும் ரத்தக்கொதிப்பும் கல்வி குறைந்தவர்களிடமே மிகுந்திருப்பதைக் காட்டியது. பணக்கார நோய்கள் என்று ஒருகாலத்தில் அழைக்கப்பட்டவை, தொழிற்சாலையின் ஏணியில் கீழ்ப்படிக்கு இறங்கிவந்துவிட்டன.

வள்ளலாரின் பெயரை நலவாழ்வு வணிகம் இன்று கரிசலாங்கண்ணிப் பொடியின் உறையில் அச்சிட்டு விற்கிறது. அவர் நாளொழுக்கத்தை வகுத்தவர் என்பது பாதி உண்மை. அதே மனிதர், வந்தவர் யாராயினும் சோறு போடும் சாலையைத் திறந்தார் என்பது மறுபாதி. பசியோடு இருப்பவரிடம் மிதமாக உண்ணச் சொல்வதில் உள்ள அபத்தத்தை அவர் அறிந்திருந்தார். ஒழுக்கத்தைத் தனிமனிதரிடமும் உணவைச் சமூகத்திடமும் அவர் கேட்டார். தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்துவருவது அந்த இரண்டாவது கோரிக்கையின் தொடர்ச்சி.

நெய்வேலிக்கும் அதைப்போன்ற ஊர்களுக்கும் பொருந்தும் தீர்ப்பு இதுவே. புகையை விடுவதும் உப்பைக் குறைப்பதும் கடைக்கு நடந்துபோவதும் ஒவ்வொருவரும் தாமே செய்துகொள்ள வேண்டியவை. அவற்றை நிறுவனத்தின்மேல் சுமத்திவிட்டு இருந்துவிட முடியாது. முன்னோக்கி நகரும் ஷிஃப்ட் முறை, இரவில் நல்ல உணவு தரும் கேன்டீன், ஆண்டுதோறும் பரிசோதனை, பாதுகாப்பான கொதிகலன், நம்பிக் குடிக்கத்தக்க நீர் ஆகியவற்றைத் தனிமனிதர் தம் மனவுறுதியால் உண்டாக்கிக்கொள்ள முடியாது; அவற்றை நிர்வாகமும் அரசும் தர வேண்டும், தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வைக் கேட்கும் அதே அழுத்தத்தோடு கேட்டுப் பெற வேண்டும். அவையும் நிரந்தரப் பணியாளரின் அடையாள அட்டையோடு நின்றுவிடாமல் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சுற்றுக் கிராமத்தாருக்கும் ஒரே அளவில் கிடைக்க வேண்டும். இல்லையேல் நீண்ட ஆயுள் என்பது பதவிக்குரிய சலுகைகளில் ஒன்றாகவே எஞ்சும்.